மணி அடிக்கும் முன் ஓர் ஆட்டம்!

மதிலழகுக்குப் பேர் போனது எங்கள் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீஸ்வரர் கோவிலுக்குள்ளே, நிழலை வைத்து நேரம் சொல்லும் கல் ஒன்றும் உண்டு. கடிகாரம் இல்லாத காலத்திலேயே நேரத்தைக் கணக்குப் பார்த்த ஊர்! ஆனால் இன்று இந்தப் பக்கத்திலிருந்து ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று தினமும் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "சாப்பிடவே நேரம் இல்லை" என்பார்கள்.

என்னிடம் வைத்தியத்துக்கு வருபவர்களில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் பெண்கள் உண்டு. டேனரி சூப்பர்வைசர், பாங்க் குமாஸ்தா, பள்ளிக்கூட டீச்சர் எல்லோரும் உண்டு. வேலை வேறு வேறு. சொல்லும் குறை மட்டும் ஒன்றுதான். நெஞ்சு எரிச்சல், புளிச்ச ஏப்பம், மூன்று மணிக்குக் கண்ணைச் சொக்கும் அசதி, கழுத்துப் பிடிப்பு.

"மத்தியானம் எத்தனை நிமிஷத்துல சாப்பிடறே அம்மா?"

"ஏழு, எட்டு நிமிஷம் இருக்கும் சார். எங்க சார் நேரம்?"

"லஞ்ச் டைம் அரை மணி ஆச்சே... மீதி நேரம்?"

"போன் பார்ப்பேன் சார். இல்லாட்டி மேஜை மேலயே தலையைச் சாய்ச்சிடுவேன்."

கவனித்தீர்களா? நேரம் இல்லாமல் இல்லை. இருபது நிமிஷத்துக்கு மேல் இருக்கிறது! அது நமக்குத் தெரியாமலே கை நழுவிப் போகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தை எப்படித் திருப்பி வாங்குவது? அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அரை மணி யாருடையது?

மத்தியான இடைவேளை என்பது முதலாளி போடும் பிச்சை அல்ல. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். காரணம், உடம்பு இரும்பு இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

சித்த மருத்துவக் கணக்கில் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை பித்தத்தின் நேரம். பசித் தீ நன்றாக எரியும் வேளை. அந்த நேரத்தில் மெல்லாமல் விழுங்கி, உடனே குனிந்து படுத்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? சாப்பிட்ட பின் கொஞ்சம் நடக்க வேண்டும், பகலில் தூங்கக் கூடாது என்று தேரையர் சொன்னதும் இதற்காகத்தான். உணவுக்குப் பின் மெதுவாக நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று ஏறுவது குறைகிறது என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது.

ஆகவே அரை மணியை இப்படிப் பிரித்துக் கொள்ளுங்கள்: கை கழுவ 3 நிமிஷம், சாப்பாட்டுக்கு 15, நடைக்கு 4, கடைசி 8 நிமிஷம் விளையாட்டு!

"என்ன டாக்டர், இந்த வயசுல விளையாட்டா?" என்கிறீர்களா? கீழடியில் தோண்டியபோது பகடைக்காயும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன. பழைய கோவில்கள் பலவற்றில் கல் தரையிலேயே ஆட்டக் கட்டம் செதுக்கியிருக்கிறது. வேலைக்கு நடுவே நிழலில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் போடுவது நமக்குப் புதுசு இல்லை. நடுவில்தான் மறந்துவிட்டோம்.

விளையாட்டு மருந்து அல்ல. ஆனால் எதிரே ஒரு முகம் இருக்கிறது. நாலு வார்த்தை பேசுகிறோம், சிரிக்கிறோம். காலையிலிருந்து ஒரே வேலையில் இறுகிப் போன மனசு கொஞ்சம் தளர்கிறது. போனில் இது கிடைக்குமா?

எட்டு நிமிஷத்துக்கு ஐந்து ஆட்டங்கள்

1. மூன்று காய் ஆட்டம்: ஒரு சதுரம் போடுங்கள். நடுவில் குறுக்கும் நெடுக்கும் ஒரு கோடு, மூலைக்கு மூலை இரண்டு கோடு. ஒன்பது புள்ளி வரும். ஆளுக்கு மூன்று காய். மாற்றி மாற்றி வைத்து, பிறகு கோட்டு வழியே பக்கத்துக் காலிப் புள்ளிக்கு நகர்த்த வேண்டும். மூன்றும் நேர்க்கோட்டில் வந்தால் வெற்றி. முதல் காயை நடுப்புள்ளியில் வைக்கக் கூடாது என்று விதி வையுங்கள். இல்லாவிட்டால் முதலில் ஆடுபவர் கை ஓங்கிவிடும். ஓர் ஆட்டம் இரண்டு மூன்று நிமிஷம்தான்.

2. புளியங்கொட்டை எடுத்தல்: ஒரு பிடி கொட்டையை மேஜை மேல் கொட்டுங்கள். பக்கத்துக் கொட்டை அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அசைந்தால் அடுத்தவர் முறை. வீட்டில் வாயால் ஊதிக் கலைப்போம். பலர் சாப்பிடும் இடத்தில் அது வேண்டாம். சளி, இருமல் பரவும்.

3. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன்: ஐந்து துண்டுச் சீட்டு போதும். குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்று எடுங்கள். போலீஸ் தன்னைக் காட்டிக்கொண்டு திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் அவர் மார்க் திருடனுக்கு! எட்டு நிமிஷத்தில் நாலைந்து சுற்று ஆடலாம். கணக்கு டீச்சரே மூஞ்சியை மறைக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்வார்.

4. ஆடுபுலி ஆட்டம்: 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துக் காலிப் புள்ளியில் குதித்தால் புலிக்கு அந்த ஆடு. புலியை நகர முடியாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. கட்டத்தை அட்டையில் வரைந்து வைத்துக் கொள்ளுங்கள். இது சில நாள் நீளும். அதனால் உங்களுக்குள் ஒரு விதி: மணி அடிக்கும்போது ஐந்து ஆடு வெட்டியிருந்தால் புலிக்கு, இல்லாவிட்டால் ஆட்டுக்கு. ஆடுவது இரண்டு பேர், யோசனை சொல்வது பத்துப் பேர்! மானேஜர் வந்து சேர்ந்தால் அவருக்கு ஆட்டையே கொடுங்கள். புலியாகத்தான் நாள் முழுக்க இருக்கிறாரே!

5. கேரம், ஒரே ஒரு போர்டு: ஓய்வு அறையில் பலகை இருந்தால் அதிர்ஷ்டம். முழு ஆட்டம் 25 பாயிண்ட் வரை போகும். நமக்கு ஒரு போர்டு போதும். 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் நம் சென்னைக்காரர். 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் சென்னைப் பெண்தான். நம் ஊர் ஆட்டம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

தாயம் வேண்டாமா? வேண்டாம். தாயம் விழக் காத்திருப்பதற்குள் மணி அடித்துவிடும். பாதியில் விட்டால் மனசெல்லாம் அங்கேயே இருக்கும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். மணிக்கு முன்னால் முடிகிற ஆட்டம்தான் வேலை செய்யும் இடத்துக்கு நல்லது.

காசு மட்டும் கூடாது

இதை அழுத்திச் சொல்கிறேன். "சும்மா டீக்குத்தான் பந்தயம்" என்று ஆரம்பிக்கும். அப்புறம் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய். இடைவேளையில் போனில் சீட்டாடி, சம்பளத்தைத் தொலைத்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று மருந்து கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூக்கத்துக்கு மருந்து கொடுக்கலாம். போன பணத்துக்கு எந்தச் சூரணம் கொடுப்பது? பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை விதித்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. சட்டம் போனைப் பார்த்துக் கொள்ளட்டும். மேஜையை நாம் பார்த்துக் கொள்வோம். தோற்றவர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வரட்டும், அது போதும்.

கவனிக்க வேண்டியவை

* பசை, சாயம், தோல் தூசு பட்ட கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் சாப்பாடு. தோல் துண்டுகள் சும்மா கிடக்கின்றன என்று வட்டமாக வெட்டிக் காயாக வைக்காதீர்கள். பதனிட்ட மருந்தும் தூசும் சாப்பாட்டு மேஜைக்கு வர வேண்டாம். கழுவிக் காய வைத்த புளியங்கொட்டையே சிறந்தது.
* விளையாட வேண்டும் என்று சாப்பாட்டை அள்ளி விழுங்காதீர்கள். நேரம் போதாவிட்டால் ஆட்டத்தைக் குறையுங்கள், சாப்பாட்டை அல்ல. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.
* தையல், கம்ப்யூட்டர் வேலை என்றால் கண் ஏற்கெனவே களைத்திருக்கும். நடக்கும் அந்த நாலு நிமிஷம் தூரத்து மரத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.
* நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, இடது கை கனத்தாலோ "வாயுதான்" என்று சோடா குடித்துவிட்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாரைக் கூப்பிடுவது?

எந்த ஆபீஸிலும் தனியாக ஒரு மூலையில் டப்பாவைத் திறக்கும் ஒருவர் இருப்பார். புதுசாகச் சேர்ந்த பெண்ணாக இருக்கலாம். வடக்கேயிருந்து வந்து தமிழ் தெரியாத பையனாக இருக்கலாம். வீட்டில் ஒரு சாவு நடந்து பேச்சே நின்று போனவராக இருக்கலாம். "ஏன் தனியா உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டால் சங்கடப்படுவார்கள். "ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறையுது, வாங்களேன்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். வருவார்கள். புலிக்கும் ஆட்டுக்கும் பாஷை தேவையில்லை. என்ன குழம்பு, என்ன ஜாதி, எந்தத் தெரு என்ற விசாரணையும் தேவையில்லை.

சாப்பாடு கட்டும் இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை கணவருக்கோ மகளுக்கோ டப்பா கட்டும்போது, பக்கத்தில் ஒரு சின்ன டப்பியில் முப்பது புளியங்கொட்டை போட்டு அனுப்புங்கள். சாயந்திரம் வந்ததும் "சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பதோடு, "இன்னிக்கு யார் கூட விளையாடினீங்க?" என்றும் கேளுங்கள். பதிலில் ஒரு புதுப் பெயர் வந்தால், அந்த அரை மணி நல்லபடியாகக் கழிந்தது என்று அர்த்தம்.