கையில் கட்டியிருந்தால் போதாது

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவரின் கையில் அப்பா காலத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ரசீது கேட்கிறார். ஐம்பது வருடத்துக்கு முன் வாங்கிய கடிகாரத்துக்கு ரசீது எங்கே போய்த் தேடுவது? வாக்குவாதம் முடிந்து கடிகாரம் உறைக்குள் போகிறது. அச்சடித்த தாள் ஒன்றை நீட்டுகிறார்கள். வெளியே வீட்டார் காத்திருக்கிறார்களே என்ற அவசரத்தில், படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். மறுநாள் எனக்கு போன்.

பழைய குரோனோகிராப் (நிறுத்துக் கடிகாரமும் சேர்ந்த கைக்கடிகாரம்) சேகரிக்கிறவன் என்பதால் இந்தக் கதை திரும்பத் திரும்ப என்னிடம் வருகிறது. எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பழசுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேட்டோனா 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. பழைய குரோனோகிராப் என்றால் பணம் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அணிந்து வந்தாலே வரி கிடையாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

உங்களிடம் இருப்பது என்ன என்பதற்கு முதலில் ஆதாரம் சேருங்கள். பழைய ரோலெக்ஸில் வரிசை எண், பட்டையைக் கழற்றினால் 6 மணிப் பக்கத்துக் காதுகளுக்கு நடுவே தெரியும். மாடல் எண் 12 மணிப் பக்கம். பழைய ஸ்பீட்மாஸ்டரில் வரிசை எண் உள்ளே இயந்திரத்தின் மேல்தான் இருக்கும், மாடல் எண் பின்மூடியின் உட்புறம். இதை விமான நிலையத்தில் நின்றுகொண்டு திறந்து காட்ட முடியாது. நம்பிக்கையான கடிகாரக்காரரிடம் முன்பே கொடுத்து, திறந்து, படம் எடுத்து வையுங்கள். வாங்கும்போதும் இதே படங்களைக் கேளுங்கள். டயல், முள், இயந்திரம் எல்லாம் அசல்தான் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 2021-ல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு ஒமேகா நிறுவனமே தன் அருங்காட்சியகத்துக்காக வாங்கிய 1957-ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டர், வேறு வேறு பாகங்களை ஒட்டுப்போட்டுச் செய்தது என்று 2023-ல் அம்பலமானது. செய்த நிறுவனமே ஏமாறும்போது நாம் வாய்ச்சொல்லை நம்பி வாங்கலாமா?

இந்தியாவிலிருந்து கடிகாரத்தோடு வெளிநாடு போகிறவர்கள், போகும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டணமல்ல, பொறுமைதான் தேவை. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய், செக்-இன் செய்வதற்கு முன்பே சுங்க அதிகாரி எங்கே என்று விசாரியுங்கள். கடிகாரம், பாஸ்போர்ட், டிக்கெட், படங்கள், பில் அல்லது மதிப்பீட்டுச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். "பழைய கைக்கடிகாரம் ஒன்று" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், வரிசை எண் மூன்றும் தாளில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அந்தத் தாளுக்கும் வெற்றுத் தாளுக்கும் வித்தியாசம் இல்லை. நேரமில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று அதிகாரி தட்டிக்கழிப்பதும் உண்டு. நகராமல் நின்று கேளுங்கள்.

வெளிநாட்டில் வாங்கி வருகிறவர்கள் வரிக்குரிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் அறிவியுங்கள். சுங்கச் சட்டம் 1962, பிரிவு 77 கேட்பது இதைத்தான். சுங்கத்துறையின் அதிதி செயலியில் முன்கூட்டியே அறிவிக்கவும் வழி இருக்கிறது. வரியில்லா வரம்பு அவ்வப்போது மாறுவதால், நண்பர் சொன்ன பழைய கணக்கை நம்பாமல் கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறையின் இணையதளத்தில் பாருங்கள். சில நாள் தங்கிவிட்டுத் திரும்பும் வெளிநாட்டுத் தமிழர்களுக்குப் பிரிவு 80 உதவும்: கடிகாரத்தைச் சுங்கத்திலேயே விட்டுவைத்து, திரும்பும்போது வாங்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ஆனால் உண்மையாக அறிவித்தவருக்கே அந்த வசதி. அறிவிக்க ஒன்றுமில்லை என்று பச்சை வழியில் நடந்து பிடிபட்டவர் கேட்க முடியாது.

கடிகாரத்தை எடுத்துக்கொண்டுவிட்டால்? தடுத்துவைப்பு ரசீது வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள். அதிலும் வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். பறிமுதல் செய்வதற்கு முன் காரணம் கேட்டு நோட்டீஸ் தந்து, உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 124. அந்த அச்சடித்த தாளில், "நோட்டீஸ் வேண்டாம், விசாரணை வேண்டாம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்ததுபோல் வாசகம் இருக்கும். கையெழுத்துப் போடாதீர்கள். இப்படி முன்கூட்டியே அச்சடித்து வாங்கும் சம்மதம் செல்லாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025-ல் அடுத்தடுத்த வழக்குகளில் சொன்னது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? எனக்கு நோட்டீஸும் விசாரணையும் வேண்டும் என்று விமான நிலையச் சுங்க ஆணையருக்கு இன்றைக்கே கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மின்னஞ்சலும் போகட்டும்.

நோட்டீஸ் ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். பறிமுதல் ஆணை வந்தாலும், தடைசெய்யப்படாத பொருள் என்றால் பிரிவு 125-ன்படி அபராதம் கட்டி மீட்க வாய்ப்புத் தர வேண்டும். அதைக் கட்ட 120 நாள் கெடு.

ஆணையே தவறு என்றால் 60 நாளுக்குள் சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடு) போக வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் கிடைக்கும், அதற்கு மேல் கதவு மூடிவிடும். அங்கும் தோற்றால் பலர் நேராகச் சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் நாளைத் தொலைக்கிறார்கள். பயணிகள் சாமான் வழக்கைத் தீர்ப்பாயம் எடுக்காது. பிரிவு 129டிடி-ன்படி மத்திய அரசிடம் மூன்று மாதத்துக்குள் சீராய்வு மனு போட வேண்டும். ஆணை கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். நாள் எண்ணுவது அன்றிலிருந்துதான்.