தபாரேஸுக்குக் கிடைத்த அவகாசம்

கால்பந்து கிளப் பயிற்சியாளருக்கு வீரர்கள் தினமும் கண்ணெதிரே இருக்கிறார்கள். ஓர் இடத்துக்குத் தகுந்த ஆள் இல்லையென்றால் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளவும் முடியும். தேசிய அணியின் பயிற்சியாளருக்கு இரண்டுமே கிடையாது. ஆண்டில் சில வாரங்கள்தான் வீரர்கள் அவரிடம் வருகிறார்கள். நாட்டில் இருப்பவர்களை வைத்தே ஆட வேண்டும். ஆகவே அவருடைய உண்மையான வேலை, நாளை ஆடப்போகும் சிறுவர்களை இன்றே தயார்செய்வது. அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். நான்கு ஆட்டங்கள் தோற்றதும் ஆளை மாற்றும் சங்கங்கள் அந்த வேலையை நடக்கவே விடுவதில்லை என்பது என் வாதம். அதற்கு உருகுவேயின் ஒஸ்கர் தபாரேஸ் நல்ல சான்று.

உருகுவேயின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். 1930, 1950 உலகக் கோப்பைகளை வென்ற அந்த நாடு 1994, 1998, 2006 போட்டிகளுக்குத் தகுதிகூடப் பெறவில்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்த தபாரேஸ், 1988 முதல் 1990 வரை ஒருமுறை அணியை நடத்தியவர். இடையில் இத்தாலியின் மிலான் கிளப் அவரைச் சில மாதங்களிலேயே நீக்கியது. 2006இல் தேசிய அணிக்குத் திரும்பியபோது, அவர் முதலில் கை வைத்தது இளையோர் அணிகளில். 15, 17, 20 வயதுக்குட்பட்டோர் அணிகளும் மூத்தோர் அணியும் ஒரே திட்டத்தின் கீழ் வந்தன. மேலே வரும் பையன் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. படிப்பும் நடத்தையும்கூடக் கவனிக்கப்பட்டன. 2010 உலகக் கோப்பையில் நான்காம் இடம், 2011இல் கோபா அமெரிக்கா பட்டம், 2018இல் காலிறுதி எல்லாம் பிறகு வந்தவை. 2013இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற அணியில் ஆடிய ஹோசே மரியா ஹிமேனேஸ், மறு ஆண்டே மூத்தோர் உலகக் கோப்பையில் ஆடினார்; 2018இல் எகிப்துக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் தலையால் முட்டி வெற்றிக் கோலையும் அடித்தார்.

முன்கள வீரர்கள் சுவாரெஸும் கவானியும் ஒரே காலத்தில் கிடைத்த அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2006க்குத் தகுதி பெறத் தவறிய அணியிலும் தியேகோ ஃபோர்லான் இருந்தார். அதே ஃபோர்லான் தபாரேஸிடம் ஆடி, 2010 உலகக் கோப்பையின் சிறந்த வீரரானார். 2014இல் சுவாரெஸ் எதிரணி வீரரைக் கடித்தபோது தபாரேஸ் அவருக்காக வாதாடியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒழுக்கத்தை முன்வைத்த திட்டத்துக்கு அது இழுக்கு.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. 2021இல் தொடர்ந்து நான்கு தோல்விகளுக்குப் பின் தபாரேஸ் நீக்கப்பட்டார். அடுத்து வந்த தியேகோ அலோன்சோ மீதமிருந்த நான்கு தகுதிச்சுற்று ஆட்டங்களையும் வென்று அணியைக் கத்தார் உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். அப்படியானால் மாற்றம் நல்லதுதானே? அந்த நேரத்தில், ஆம். நரம்பு நோயோடு ஊன்றுகோல் பிடித்து நின்று அணியை நடத்திய மனிதரின் உறுதியை மதித்தாலும், ஆட்டம் தேங்கியிருந்தது உண்மை. அடுத்தவரைச் சங்கம் முன்கூட்டியே தேடியிருக்க வேண்டும். ஆனால் அலோன்சோ களமிறக்கிய வால்வெர்தேயும் பென்டன்கூரும் தபாரேஸ் காலத்து இளையோர் அணிகளில் வளர்ந்தவர்கள். கத்தாரில் அந்த அணி முதல் சுற்றோடு வெளியேறியது. இளையோர் பக்கத்தில் நடந்ததோ வேறு: 2023 ஜூனில் இத்தாலியை 1-0 என்று வீழ்த்தி, 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை உருகுவே முதன்முறையாக வென்றது.