முழுப் பல் வரிசை கட்டுவதற்கு முன்

பற்கள் முழுவதும் விழுந்துவிட்ட பெரியவர்கள் பலர், கழற்றி மாட்டும் பல்செட்டுக்குப் பதிலாக இம்ப்ளான்ட் செய்துகொள்ள விரும்புகிறார்கள். தாடை எலும்பில் டைட்டானியம் திருகுகளைப் பதித்து, அவற்றின் மேல் முழு வரிசையையும் நிலையாகப் பொருத்தும் சிகிச்சை இது. சுவீடனைச் சேர்ந்த பிரானமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு இதைச் செய்தார். ஒரு தாடைக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 திருகுகள் வைப்பார்கள்.

திருகைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். மேலே அமரும் பற்கள் எதனால் ஆனவை என்று கேட்பவர் குறைவு. பின்னாளில் வரும் செலவு பல நேரம் அங்கேதான் தொடங்குகிறது.

அக்ரிலிக்: உலோகச் சட்டத்தின் மேல் அக்ரிலிக் பற்களை அமைப்பார்கள். எடையும் விலையும் குறைவு. ஆனால் நாளடைவில் தேயும். வெற்றிலை, தேநீர்க் கறை ஏறும். பல் பெயர்ந்தும் வரலாம். பெயர்ந்ததை லேபில் கொடுத்து எளிதாகச் சரிசெய்து கொள்ளலாம்.

உலோகத்தின் மேல் பீங்கான்: பார்க்க இயற்கைப் பல் போலவே இருக்கும். பீங்கான் சில்லுப் பெயர்ந்தால் வாயிலேயே ஒட்டுவது நெடுநாள் நிற்பதில்லை.

ஜிர்கோனியா: ஒரே கட்டியிலிருந்து இயந்திரத்தால் கடைந்தெடுப்பது. மிக உறுதியானது, கறையும் தேய்மானமும் மிகக் குறைவு, விலை அதிகம். விரிசல் விட்டால் ஒட்ட முடியாது, முழு வரிசையையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

உறுதியான பொருளும் ஏன் உடைகிறது? இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்ப்படலம், நாம் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பதை உணர்த்தும். இம்ப்ளான்டுக்கு அது கிடையாது. அதனால் அளவு தெரியாமல் கடித்துவிடுகிறோம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதிர்த் தாடையில் இருக்கும் பல்லுக்கு எந்தப் பொருள் ஏற்றது? உடைந்தால் பழுது பார்க்கலாமா, புதிதாகவே செய்ய வேண்டுமா? அந்தச் செலவு யாருடையது? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பொருளானாலும் வரிசையின் அடிப்பகுதியைத் தினமும் சுத்தம் செய்வதும், மருத்துவர் சொல்லும் நாளில் சென்று காட்டுவதும் அவசியம்.

வசதி இல்லையென்றால் நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. கீழ்த் தாடையில் 2 திருகுகள் மட்டும் வைத்து, அவற்றில் பிடித்து நிற்கும் கழற்றக்கூடிய பல்செட்டும் உண்டு. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழ்த் தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இதுவே என்றார்கள். மருத்துவரிடம் இதையும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.