காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம்

முகப்பேர், பாடி, அம்பத்தூர்ப் பக்கம் பக்கவாதம் வந்த வீடுகளில் நடப்பது ஏறக்குறைய ஒரே கதைதான். இரவில் வாய் கோணும், ஒரு கை துவளும், பேச்சு குழறும். "பி.பி. ஏறியிருக்கும், காலையில் பார்க்கலாம்" என்று படுக்கவைத்துவிடுவார்கள். விடிந்ததும் தெருமுனை கிளினிக்கில் ஒரு டிரிப்ஸ். அதற்குள் யாராவது புறா ரத்தம் தேய்க்கச் சொல்லியிருப்பார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மூளையில் காப்பாற்ற மிச்சம் இருப்பதில்லை.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால், மண்டையைத் திறக்காமல் தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கலாம். 2015இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு இது உலகெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சை. இதற்கு 6 மணி நேரம். ஸ்கேனில் பிழைக்கக்கூடிய பகுதி தெரிந்தால் சிலருக்கு மட்டும் 24 மணி வரை. அந்தச் சிலரில் நாமும் ஒருவர் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

வாழ்நாளில் வந்திராத தலைவலி நொடியில் தாக்கினால், மூளை ரத்தக்குழாயின் வீக்கம் வெடித்திருக்கலாம். தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். அந்த வீக்கத்தையும் பிளாட்டினச் சுருள் நிரப்பி உள்ளிருந்தே அடைக்க முடியும்.

செய்ய வேண்டியவை: 108ஐ அழையுங்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்; டாக்டரின் முதல் கேள்வி அதுதான். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், புரையேறும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அடைப்பா, கசிவா என்பது சி.டி. ஸ்கேனுக்குப் பிறகே தெரியும்.

நல்லபடி இருக்கும்போதே பக்கத்து மருத்துவமனைகளுக்குப் போன் செய்து கேளுங்கள்: இரவிலும் சி.டி. உண்டா? மூளையிலிருந்து ரத்தக்கட்டியை எடுக்கும் டாக்டர் எந்நேரமும் வருவாரா? இதயத்துக்குக் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் கேத் லேப் இருக்கும் இடமெல்லாம் மூளைக்கும் ஆள் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது காப்பீட்டு அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு கலெக்டர் ஆபீஸிலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். எந்த கலெக்டர் ஆபீஸ் என்பதில்தான் பலரும் அலைகிறார்கள். அம்பத்தூர் வட்டம் 2018இலேயே சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆகவே முகப்பேர்க்காரர்கள் போக வேண்டியது ராஜாஜி சாலைக்கு. ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூருக்கு. இதை ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் ஒரு பலகையில் எழுதிவைக்க அதிகாரிகளுக்கு என்ன கஷ்டம்?

இத்திட்டத்தில் மருத்துவமனைகளுக்குத் துறைவாரியாகத்தான் அங்கீகாரம். பெயர் பட்டியலில் இருந்தால் போதாது. மூளை ரத்தக்குழாய் சிகிச்சைக்கும் அனுமதி உண்டா என்று 1800 425 3993 என்ற எண்ணில் கேளுங்கள். தனியார் பாலிசி வைத்திருப்போர், பணமில்லாச் சிகிச்சைக் கோரிக்கைக்குக் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற 2024ஆம் ஆண்டு விதியைச் சொல்லிக் கேளுங்கள். வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் குறுந்தகட்டையும் வாங்காமல் வராதீர்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

கடைசியாக ஒன்று: அட்டை இல்லையே என்று வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அட்டை இல்லாமலும் சேர்ப்பார்கள். வாய் கோணியதும் 108. காகிதத்தைப் பிறகு தேடலாம்.