துணைக்குப் போகிற அம்மாவுக்கும் ஒரு பை

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

தாய்க்கு ஒரு பை, குழந்தைக்கு ஒரு பைன்னு போன எபிசோடில் பார்த்தோம். இன்னிக்கு மூணாவது ஆள். பிரசவத்துக்குத் துணைக்குப் போறவங்க.

நம்ம ஊர்ல அது பெரும்பாலும் பொண்ணோட அம்மா. சில வீடுகள்ல மாமியார், அக்கா, சித்தி. வயசு ஐம்பதைத் தாண்டியிருக்கும், சுகரோ பிரஷரோ இருக்கும். ஏழாவது மாசத்திலிருந்தே பொண்ணுக்கு நைட்டி, குழந்தைக்குப் பழைய வேட்டித் துணின்னு துவைச்சு மடிச்சு வைக்கிறவங்க, தனக்குன்னு ஒரு மாற்றுப் புடவைகூட எடுத்து வைக்க மாட்டாங்க. உள்ளே போன பிறகு பொண்ணைப் பார்த்துக்க டாக்டர், நர்ஸ் எல்லாரும் இருக்காங்க. இவங்களைப் பார்த்துக்க அங்கே யாரும் கிடையாது.

முதல்ல, துணைக்கு ஆள் இருக்கிறதே எதுக்கு? சும்மா ஆறுதலுக்கு மட்டும் இல்லை. 17 நாடுகளில் 15,000-க்கும் அதிகமான பெண்களை வைத்து நடந்த 26 ஆய்வுகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தாங்க. வலி நேரம் முழுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்த பெண்களுக்குப் பிரசவ நேரம் கொஞ்சம் குறைஞ்சது, சிசேரியனும் குறைஞ்சது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள்ல இந்த ஏற்பாடு 2004-லயே வந்துடுச்சு. மத்திய அரசு 2016-ல்தான் நாடு முழுக்கச் சொன்னது.

அந்த 2016 வழிகாட்டுதல்ல சில நிபந்தனைகள் இருக்கு. துணைக்கு வர்ற பெண் உறவினர் தானும் பிரசவ வலியைக் கடந்தவரா இருக்கணும். தொற்றுநோய் எதுவும் இருக்கக் கூடாது. சுத்தமான துணி உடுத்தியிருக்கணும். சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது, பக்கத்துக் கட்டில் பெண்ணைக் கவனிக்கப் போகக் கூடாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் மறைவு இருக்கிற இடங்கள்ல கணவரையும் விடலாம். நடைமுறை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். அதனால கடைசி மாசச் செக்கப்புக்குப் போறப்போ, "உள்ளே யாரை விடுவீங்க, எத்தனை பேர்?"ன்னு நர்ஸம்மாகிட்ட நேராவே கேட்டுடுங்க. இருமல், சளின்னு இருக்கிற அம்மாவைக் கடைசி நேரத்துல நிறுத்திட்டா, அடுத்து யார் போறதுன்னும் முன்னாடியே பேசி வைங்க.

சரி, பை. என்னைக் கேட்டா முதல்ல போக வேண்டியது துணியில்லை, மாத்திரை. முதல் பிரசவத்துல வலி ஆரம்பிச்சு குழந்தை பிறக்க 12 மணி நேரமோ அதுக்கு மேலயோ ஆகிறது சாதாரணம். அதுக்கப்புறம் வார்டுல சில நாள். சிசேரியன்னா ஒரு வாரம்கூட ஆகலாம். அதனால அம்மாவோட மாத்திரையை ஒரு வாரத்துக்கு, அட்டையோட, சீட்டோட வைங்க. தனியாப் பிச்சுக் காகிதத்துல மடிச்சு வைச்சா எது எதுன்னு தெரியாது.

சுகர் இருக்கிறவங்க விஷயத்துல இன்னும் கவனம் வேணும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கிட்டு, "பொண்ணு பட்டினியா கிடக்கா, எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?"னு சாப்பிடாம உட்கார்ந்தா, சுகர் திடீர்னு இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், கண்ணை இருட்டிக்கிட்டு வரும். பொண்ணு கையைப் பிடிச்சிருக்க வேண்டியவங்க பிரசவ அறை வாசல்ல மயங்கி விழுவாங்க. அதனால பையோட வெளி ஜிப்புல ஒரு சின்ன டப்பாவுல குளுக்கோஸ் பொடி, இல்லாட்டி சர்க்கரை. படபடன்னு வந்தா மூணு ஸ்பூன் தண்ணியில கலந்து குடிச்சிட்டு, கால் மணி நேரம் பொறுத்துப் பார்க்கணும். சரியாகலைன்னா இன்னொரு தடவை குடிக்கணும், உடனே நர்ஸ்கிட்டயும் சொல்லணும். சரியானதும் ஏதாவது சாப்பிட்டே ஆகணும்.

இதுல இன்னொண்ணு. அரசு மருத்துவமனைகள்ல பிரசவிச்ச தாய்க்குச் சுகப்பிரசவம்னா 3 நாள், சிசேரியன்னா 7 நாள் இலவசச் சாப்பாடு உண்டு. அது தாய்க்கு. துணைக்கு இருக்கிறவங்களுக்கு இல்லை. சென்னையில சில பெரிய மருத்துவமனை வளாகங்கள்ல அம்மா உணவகம் இருக்கு, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குப் பசிச்சா எங்கே போறது? ரஸ்க், பொட்டுக்கடலை, வேர்க்கடலைன்னு கெடாத சாமான் போதும். ஒரு தட்டு, டம்ளர், பிளாஸ்க். சில்லறையும் பத்து, இருபது ரூபாய் நோட்டும் ஒரு சுருக்குப்பையில. எல்லாரும் ஜிபே பண்றாங்கதான், அம்மா பண்றாங்களான்னு பாருங்க.

துணிமணி அதிகம் வேண்டாம். ரெண்டு செட் சுடிதார் அல்லது பழைய காட்டன் புடவை, ஒரு துண்டு, போர்வை, பாய். பகல்ல வெக்கையா இருந்தாலும் ராத்திரி மொசைக் தரை சில்லுன்னு இருக்கும். வழுக்காத ரப்பர் செருப்பு அவசியம், ஈரத்தரை நிறைய. மூக்குக்கண்ணாடி. வளையலும் சங்கிலியும் வீட்டிலேயே இருக்கட்டும். இடுப்பைத் தேய்ச்சு விடுறப்போ வளையல் குத்தும், சங்கிலியைக் காப்பாத்துறதே தனி வேலையாயிடும்.

போன், சார்ஜர் சொல்லவே வேண்டாம். ஆனா நாலு நம்பரைத் தாள்ல பெரிய எழுத்துல எழுதி வைங்க. மாப்பிள்ளை, மகன், பக்கத்து வீடு, ஆட்டோக்காரர். அதே தாள்ல பொண்ணோட ரத்த குரூப், ஏதாவது மருந்து ஒத்துக்காதுன்னா அது, கடைசியா எப்போ சாப்பிட்டாங்க. ராத்திரி டியூட்டி டாக்டர் கேட்டா அம்மா தடுமாற வேண்டாம், தாளை நீட்டினா போதும்.

கோப்பு தனி. தாய்-சேய் அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஆர்.சி.எச். எண், ஆதார் நகல், காப்பீட்டு அட்டை. இது அம்மா பையில வேண்டாம், வெளியே நிக்கிற ஆள்கிட்ட இருக்கட்டும். ஓடுற வேலையெல்லாம் அவருக்குத்தான். மாப்பிள்ளைதான் வெளியேன்னா அவருக்கும் ஒரு சின்னப் பை: தண்ணி, பேனா, நகல்கள், கையில கொஞ்சம் பணம். ரத்தம் தேவைப்பட்டா மாற்றுக்குக் கொடுக்க ஆள் கேட்கலாம். ஆண்கள் ஒரு தடவை கொடுத்தா அடுத்து 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விடணும். அதைக் கணக்குப் பார்த்து ரெண்டு மூணு பேரைத் தயாரா இருக்கச் சொல்லி வைக்கலாம்.

இப்போ, பையிலிருந்து வெளியே எடுக்க வேண்டியது. இது கொஞ்சம் சங்கடமான பேச்சு. அம்மா பையோட அடியில சேனை வைக்கத் தேனோ சர்க்கரைத் தண்ணியோ இருக்கும். வீட்டுல நல்ல மனசுக்காரர் ஒருத்தர் தொட்டு வைச்சாத்தான் குழந்தைக்கு அவங்க குணம் வரும்னு நம்பிக்கை. ஒரு வயசுக்குள்ள குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சைக் குழந்தையோட குடல்ல வளர்ந்து தசைகளையே செயலிழக்க வைக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் போதும், வேற ஒரு சொட்டும் தேவையில்லை. கழுதைப்பால், கிரைப் வாட்டர், பால் புட்டியும் அப்படித்தான். ஆனா இதை லேபர் வார்டு வாசல்ல வைச்சுச் சண்டை போடாதீங்க. ஒரு மாசம் முன்னாடி, அம்மாவையும் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர் வாயாலேயே சொல்ல வைங்க. பொண்ணு சொன்னா எடுபடாதது வெள்ளைக் கோட்டு சொன்னா எடுபடும். அந்த நல்ல மனசுக்காரர் குழந்தையைத் தூக்கி உச்சி முகரட்டும்னு சொல்லிப் பாருங்க, பல வீடுகள்ல அதுக்கு ஒத்துக்கிறாங்க.

36 வாரம் முடியறப்போ பை தயாரா இருந்தா நல்லது. பீரோ மேல வேண்டாம், வாசல் பக்கம் கைக்கு எட்டுற இடத்துல வைங்க. மாத்திரையை மட்டும் அம்மா தினமும் சாப்பிடுவாங்க இல்லையா, அதனால வீட்டுல இருக்கிறது தீர்ந்ததும் பையில கை வைப்பாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து நிரப்பிடுங்க.