தரங்கம்பாடிக் கரையில்

"உங்கள் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வெளியூர் நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. எங்கள் ஊர் தரங்கம்பாடி. மயிலாடுதுறை மாவட்டத்தில், கடலை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர். மயிலாடுதுறையிலிருந்து 1926 முதல் 1986 வரை எங்கள் ஊருக்கு ரயில் வந்தது; இப்போது பேருந்தில்தான் வர வேண்டும். வருகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள். கடலில் கால் நனைப்பார்கள். அரைமணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள். நானோ அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பார்த்து முடியவில்லை. காரணம் தெரிந்து பார்க்கும்போது சிற்றூரின் இன்பமும் பெரிதாகிவிடுகிறது. எனக்கு விருப்பமான சில இடங்களுக்கு இன்று உங்களை அழைத்துச் செல்லுகிறேன், வாருங்கள்.

முதலில், விடியற்காலையில் கடற்கரைக்குச் செல்வோம். கீழ்வானம் சிவக்கும் வேளையில், இரவில் சென்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேரும். வலையை உதறி மீனைத் தரம் பிரிப்பார்கள். மத்தி ஒரு குவியல், நெத்திலி ஒரு குவியல், வஞ்சிரம் தனியாக. உடனே ஏலம் தொடங்கும். கூடையுடன் நிற்கும் பெண்கள் மனக்கணக்கில் போடும் விலையை, எழுதுகோல் பிடித்த நாம் தாளில் போட்டு முடிப்பதற்குள் ஏலமே முடிந்துவிடும்! முன்பு மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டிய கட்டுமரங்களே மிகுதி. அந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் ஆங்கிலேயர் தம் மொழியில் 'கேட்டமரான்' என்று எடுத்துக்கொண்டனர். இன்று கண்ணாடியிழைப் படகுகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அது மீன்கள் இனம் பெருக்குவதற்காக அரசு விதித்துள்ள தடைக்காலம். இன்று பொறுத்தால்தான் நாளை வலை நிறையும் என்பது இதில் அடங்கிய பாடம்.

அடுத்து, ஊருக்குள் நுழைவோம். 1792-ஆம் ஆண்டில் திருத்திக் கட்டப்பட்ட வெள்ளை நிற நகர வாயிலைக் கடந்தால் இராஜ வீதி. நேரே நடந்தால் டேனிஷ் கோட்டை. தென்னாட்டு மிளகை நாடிக் கடல் கடந்து வந்த டென்மார்க் நாட்டு வணிகர், 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு கட்டிய கோட்டை அது. அப்போது நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன் தகட்டில் எழுதி அனுப்பிய ஓலை, இன்றும் கோபன்ஹேகனில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல், சேராம்பூரையும் எங்கள் ஊரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஒரு காலத்தில் இரு நாட்டார் பேரம் பேசிய அந்த ஊரில், கோட்டைக்கு முன்னுள்ள திடலில் இன்று எங்கள் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அந்தக் காட்சியைக் காண்பதே எனக்குப் பெரிய இன்பம்.

இராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. 1718-இல் கட்டப்பட்டது. அதைக் கட்டிய சீகன்பால்க் என்பவர் ஜெர்மானியர். 1706 ஜூலையில் இங்கு வந்து இறங்கியவர். அவர் சமயப்பணிக்கு வந்தவர் என்பதை எல்லாரும் அறிவர். ஆசிரியனாகிய எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. வந்த புதிதில் அவர் நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துக்களை எழுதிப் பழகினார். வளர்ந்த மனிதர் ஒருவர், வெட்கத்தை விட்டுக் குழந்தைகளுக்குச் சமமாக உட்கார்ந்தால்தான் மொழி வரும் போலும்! பின்னர் இவ்வூரில் அச்சகம் தோன்றியது. 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது. ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துக்கள் பெரியனவாக இருந்து தாளை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள். தாளுக்காகப் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தார்கள். தமிழ் எழுத்தில் முதன்முதல் நூல் அச்சானது இங்கன்று. அது 1578-இல் கொல்லத்தில் நடந்தது. ஆயினும் தமிழ் அச்சுக்கலை வேரூன்றிய நிலங்களில் எங்கள் மணலும் ஒன்று.

மூன்றாவது இன்பம், பிற்பகலில் வீசும் கடற்காற்று. பகலில் வெயில் பட்டதும் நிலம் விரைவில் சூடேறுகிறது. கடல் மெல்லவே சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழ, அதன் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. சித்திரை வெயிலிலும் மாலையில் திண்ணையில் உட்கார முடிவது இதனால்தான். எங்கள் ஊர்க் காற்றில் ஓசோன் மிகுதி, அது உடலுக்கு நல்லது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓசோன் நமக்கு நன்மை செய்வது வானத்தின் உயரத்தில் இருந்து கதிரவனின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும்போதுதான். தரைமட்டத்தில் மிகுந்தால் அது நுரையீரலுக்குக் கேடு. கடற்கரையில் நாம் முகரும் மணம், பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்களால் உண்டாகும் கந்தகச் சேர்மங்களின் மணமே. இல்லாத பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. இருக்கும் குளிர்ச்சியே போதும் அன்றோ?

இனி, நான் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தும் இடம் மாசிலாமணிநாதர் கோயில். அலையின் ஓரத்தில் நிற்பது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டளவில் எழுந்தது. கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. தரங்கம் என்றால் அலை; ஆகவே பிற்காலப் பெயருக்கு 'அலை பாடும் ஊர்' என்று பொருள் சொல்வர். ஆனால் அந்த அலை பாடியது மட்டுமன்று. கோயிலின் முன்பகுதியை உண்டும் விட்டது.

கடல் ஏன் கரையை உண்கிறது? அலை நேராக வந்து மோதினால் மணல் வெளியே போய் உள்ளே வரும், அவ்வளவே. ஆனால் அது சாய்வாக வந்து மோதும்போது, மணலைக் கரையோரமாகவே நகர்த்திச் செல்லுகிறது. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே நகரும்; வடகிழக்குப் பருவத்தில் தெற்கே நகரும்; ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. போன மணலுக்கு ஈடாகப் புதுமணல் வந்தால் கரை நிற்கும். குறைந்தால் கரை தேயும். ஆறுகளின் குறுக்கே அணைகள் எழுந்தபின் கடலுக்கு வந்து சேரும் மணலும் குறைகிறது. கல்லைக் கொட்டித் தடுக்கலாம்; கோயிலுக்கு முன்னும் அவ்வாறு கொட்டியிருக்கிறார்கள். அது அந்த இடத்தைக் காக்கும். ஆனால் அதை அடுத்த கரையில் அரிப்பை மிகுவிக்கவும் கூடும்.

இங்கே என் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியப் பயிற்சி பெற்று வேலையில் சேர்ந்த நாள் முதல், மாணவர்களைத் தஞ்சைக்கும் மாமல்லபுரத்துக்கும் சுற்றுலா அழைத்துச் சென்றேன். பக்கத்துக் கோயிலுக்கு ஒரு நாளும் அழைத்துச் சென்றதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவுக்கு அருகே எழுந்த நிலநடுக்கத்தால் சுனாமி வந்தது. அந்நாளில் எங்கள் ஊரை உள்ளிட்டிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். அந்தத் துயரம் சற்றே தணிந்து பள்ளி திறந்த பிறகு, ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நீங்கள் வேலைக்கு வந்தபோது கோயிலுக்கும் கடலுக்கும் எத்தனை அடி தூரம் இருந்தது?" என்று கேட்டான். நான் விடை சொல்ல முடியாமல் நின்றேன். இருபது ஆண்டுகள் அந்தக் கரையில் நடந்திருந்தேன். ஒரு முறையும் அளந்து எழுதவில்லை. அளக்கக் கற்றுத்தந்த வாத்தியார் அளக்க மறந்துவிட்டார்!

அடுத்த கிழமையே வகுப்பை அழைத்துச் சென்றேன். கோயில் சுவரிலிருந்து நீர்விளிம்பு வரை கயிறு பிடித்து அளந்தோம். நாளையும் நேரத்தையும் நீர் ஏற்றமா வற்றமா என்பதையும் எழுதினோம். ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே நேரத்தில் அளந்தோம். கரையில் நிற்கும்போது அவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன்: கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க ஓடாதீர்கள், மேட்டை நோக்கி ஓடுங்கள். சுனாமிக்கு முன் கடல் அவ்வாறு உள்வாங்குவது உண்டு. இந்தச் சிறு அறிவு உயிர் காக்கும்.

மாணவ நண்பர்களே, ஊர்ப்பற்று என்பது எங்கள் ஊரே சிறந்தது என்று பேசுவதன்று. நம் ஊரில் எது இருக்கிறது, எது குறைகிறது என்று அறிந்திருப்பதே ஊர்ப்பற்று. உங்கள் ஊரில் கடல் இல்லாமல் இருக்கலாம். ஒரு குளம் இருக்கும். ஒரு பழைய மண்டபம் இருக்கும். ஓர் ஆலமரம் இருக்கும். வரும் விடுமுறையில் அவற்றுள் ஒன்றை அளந்து, நாள் குறித்து, ஏட்டில் எழுதி வையுங்கள். அலை ஓய்ந்து தலை முழுகலாம் என்று காத்திருக்காதீர்கள். என்றாவது ஒரு சிறுவன் உங்களிடம் வந்து, "முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்பான். அன்று நீங்கள் என்னைப்போல் வாய் மூடி நிற்க வேண்டாம்.