காதில் பொத்தான் வைத்த கரடி

வணிகர்கள் நாலு பேர் கூடினால் அங்கே தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "அவன் இதே சரக்கைப் பாதி விலைக்குக் கொடுக்கிறானே, நான் எப்படி விற்பது?" என்பதே அது. இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் தேடி, விழுந்தும் எழுந்தும் நிற்கிற ஒரு தொழில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இருக்கிறது. அது மொஹேர் துணியில் கையால் செய்யப்படும் டெடி பேர் என்னும் கரடிபொம்மைத் தொழில்.

இயந்திரத்தில் தைத்த பாலியெஸ்டர் கரடி அங்கே சில யூரோவுக்குக் கிடைக்கும். அதே உயரத்தில் கையால் செய்த மொஹேர் கரடி நூறு யூரோவைத் தாண்டும். இருந்தும் இரண்டும் விற்பனையாகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

மூலப்பொருள்

மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் ரோமம். செம்மறியாட்டுக் கம்பளியைவிட வழுவழுப்பும் பளபளப்பும் மிக்கது, எளிதில் நசுங்காது. ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். குட்டியின் ரோமம் மெல்லியது, அதற்கே விலை அதிகம். ஆடு வயதாக ஆக ரோமமும் தடிக்கும். இந்த ஆட்டின் தாயகம் துருக்கி. இன்று உலக மொஹேரில் சுமார் பாதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. 1838இல் அங்கே போய்ச் சேர்ந்தவை பன்னிரண்டு கிடாக்களும் ஒரே ஒரு பெட்டையும். இனம் பெருகிவிடக் கூடாது என்று கிடாக்களை மலடாக்கியே அனுப்பினார்களாம். ஆனால் பெட்டை சினையாக இருந்தது. ஒரு கிடாக்குட்டியை ஈன்றது. துருக்கியின் தனியுரிமை அந்தக் குட்டியோடு போயிற்று!

கைவேலை

மொஹேர் துணியின் அடித்தளம் பருத்தி நெசவு. அதன் மேல் ரோமம் நிற்கும். முதலில் ரோமம் எந்தத் திசையில் படிகிறது என்று பார்த்து, துணியின் பின்புறம் அச்சு வரைந்துகொள்கிறார்கள். கத்தரிக்கோலின் நுனியால் அடித்துணியை மட்டும் வெட்ட வேண்டும். ரோமம் வெட்டுப்பட்டால் தையல் விழுந்த இடம் வழுக்கையாகத் தெரியும். தைத்த பின் தையலில் சிக்கிய ரோமத்தை ஊசியால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிடுகிறார்கள்.

கழுத்தும் கைகால்களும் சுழல்வதற்கு உள்ளே வட்டத் தட்டுகளை வைத்து முடுக்குகிறார்கள். பழைய முறையில் அடைப்பது மரச்சுருள். அதைக் குச்சியால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். கண் அந்தக் காலத்தில் பூட்ஸ் பொத்தான், பின்னர் கண்ணாடி. மூக்கையும் வாயையும் நூலால் தைக்கிறார்கள். முகம் அமைவது இந்தக் கடைசி வேலையில்தான். ஒரே அச்சில் வெட்டிய இரண்டு கரடிகள் இரண்டு முகத்தோடு நிற்பதும் இதனால்தான்.

சிக்கனத்திற்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியின் ஸ்டைஃப் கம்பெனியில் ஒரு துணி அகலத்தில் ஆறு தலைக்குத்தான் முழுத்துண்டு கிடைத்தது. மீதியை எறியாமல், ஏழாவது தலையை இரண்டு துண்டாக வெட்டி நடுவில் தைத்தார்கள். அன்று அது துணி மிச்சம் பிடித்த வேலை. இன்று பழம்பொருள் சேகரிப்போர் அந்த நடுத்தையல் கரடிக்கே கூடுதல் விலை தருகிறார்கள்.

ஊசிக்குத்தியில் தொடங்கிய கம்பெனி

ஸ்டைஃப் கம்பெனியைத் தொடங்கியவர் மார்கரெட்டே ஸ்டைஃப் அம்மையார். 1847இல் தெற்கு ஜெர்மனியின் கீங்கன் ஊரில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கிக் கால்கள் செயலிழந்தன. வலது கையும் பலவீனம். அதனால் தையல் எந்திரத்தைத் திருப்பி வைத்து, இடது கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தார். 1877இல் கம்பளித் துணியில் ஆடை தைத்து விற்கும் கடை போட்டார். ஊசி குத்தி வைக்க யானை வடிவில் சின்ன மெத்தை ஒன்று செய்ய, குழந்தைகள் அதை எடுத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். 1880இல் விற்றவை எட்டு யானைகள். 1886இல் ஐயாயிரத்தைத் தாண்டியது.

அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான ரிச்சர்ட் 1902இல் கைகால் ஆடும் மொஹேர் கரடியை வடிவமைத்தார். 1903 லைப்சிக் சந்தையில் அமெரிக்கக் கொள்முதல்காரர் ஒருவர் 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார் என்பது கம்பெனி வரலாறு.

அமெரிக்காவிலோ அப்போது வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1902 நவம்பரில் வேட்டைக்குப் போன ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், கட்டிப் போட்டிருந்த கரடியைச் சுட மறுத்தார். அது பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வந்தது. நியூயார்க் புரூக்ளினில் மிட்டாய்க்கடை வைத்திருந்த மாரிஸ் மிக்டம் அதைப் பார்த்தார். மனைவி ரோஸ் தைத்த கரடிபொம்மையை 'டெடியின் கரடி' என்று கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார். டெடி என்பது ரூஸ்வெல்டின் செல்லப்பெயர். அந்த மிட்டாய்க்கடையிலிருந்து பின்னாளில் ஐடியல் என்ற பெரிய பொம்மைக் கம்பெனி எழுந்தது.

மோகம் பெருகியது. 1907இல் மட்டும் ஸ்டைஃப் செய்த கரடிகள் சுமார் 9,74,000. சரக்கு ஓடினால் போலி வரும் என்பது நமக்குத் தெரியாததா? ஸ்டைஃப் குடும்பம் அதற்கு முன்பே, 1904இல், வழி கண்டுவிட்டது. ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஓர் உலோகப் பொத்தானை அடித்தார்கள். செலவு அற்பம். ஆனால் 'பொத்தான் இருந்தால்தான் அசல்' என்று வாங்குபவரே கேட்கும்படி ஆயிற்று.

பூட்டிய ஆலை, திறந்த ஆலை

இங்கிலாந்தின் கதை வேறு. மொஹேர் நூற்பாலை நடத்திய ஹோம்ஸ் என்பவரும் கூட்டாளி லாக்ஸ்டனும் 1920களில் செயற்கை இழை வந்ததும் தவித்தார்கள். நூல் விலை போகவில்லை. நூலை விற்க நெசவாலையை வாங்கினார்கள். துணியை விற்க 1930இல் அயர்ன்பிரிட்ஜ் ஊரில் பொம்மை ஆலை தொடங்கினார்கள். அதுதான் மெரிதாட். தேங்கிய சரக்கே புதுத் தொழிலானது.

அதே ஆலை, மலிவு இறக்குமதியின் போட்டி தாங்காமல் 2006 நவம்பரில் மூடப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே சிறிய அளவில் மீண்டும் திறந்தார்கள். மலிவுச் சரக்கோடு விலையில் மோதவில்லை. கைவேலையையே முன்னிறுத்திப் பிழைத்தார்கள்.

ஸ்டைஃபும் ஒரு பாடம் படித்தது. கூலி குறைவு என்று உற்பத்தியில் ஒரு பகுதியைச் சீனாவுக்குக் கொண்டுபோய், தரமும் தூரமும் ஒத்துவராமல், திரும்பப் பெறுவதாக 2008இல் அறிவித்தது. கூலியில் மிச்சமானது வேறு வழியில் போய்விட்டது.

விற்பவர் கவனத்திற்கு

இந்தக் கரடிகளில் பெரும்பகுதியை வாங்குவது குழந்தைகள் அல்ல, பெரியவர்கள். அதனால் விற்பனை முறையும் வேறு. 1980இல் தன் நூற்றாண்டு நிறைவுக்கு ஸ்டைஃப் பழைய கரடியின் மறுபதிப்பை 11,000 மட்டுமே செய்து, சான்றிதழோடு விற்றது. எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லி அதற்கு மேல் செய்யாமல் இருப்பது, வாங்குபவருக்குத் தரும் வாக்கு. பழங்கரடியின் மதிப்போ எல்லை கடந்தது. 1904ஆம் ஆண்டுக் கரடி ஒன்று 1994இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1,10,000 பவுனுக்குப் போயிற்று.

இன்னொன்று முக்கியம். பூட்ஸ் பொத்தானும் கண்ணாடிக் கண்ணும் கைக்குழந்தையின் வாய்க்குள் போகக்கூடியவை. அதனால் சேகரிப்புக் கரடிக்கு 'இது விளையாட்டுப் பொருள் அல்ல' என்று சீட்டு ஒட்டுகிறார்கள். பொறுப்புள்ள கடைக்காரர் அதை வாயாலும் சொல்லி விற்கிறார். நம் நாட்டிலும் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதைப் பொம்மை வியாபாரிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆக, "அவன் பாதி விலைக்குக் கொடுக்கிறானே" என்ற கேள்விக்குக் கரடிக்காரர்கள் சொல்லும் பதில் இதுதான்: அவன் விற்பது வேறு, நாம் விற்பது வேறு என்பதை வாடிக்கையாளர் கண்ணால் காண வேண்டும், கையால் தொட்டு உணர வேண்டும். அதற்கு ஒரு பொத்தான் போதும். ஆனால் பொத்தானுக்குப் பின்னால் சரக்கு இருக்க வேண்டும்.